அசோகன் பாட்டைக் கேட்டவர்கள்

அசோகனின் ஆல்பம் வெளியீட்டு விழாவில் மேடை நிறைய ஆள் இருந்தார்கள். பேசியவர்களில் ஒருவரும் ஆல்பத்தைக் கேட்டிருக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை ஒன்றும் வேண்டியதில்லை. எட்டுப் பாட்டு இருக்கிற ஆல்பத்தில் ஒரு பாட்டின் முதல் வரியையாவது யாராவது வாய் தவறிச் சொல்லியிருக்க வேண்டுமே, சொல்லவில்லை. மண்ணைப் பற்றிப் பேசினார்கள். வேரைப் பற்றிப் பேசினார்கள். ஈராயிரம் ஆண்டு வலியைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, பெயர் வெங்கடராமன். பேசி முடித்து அசோகனுக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, சில்க் போர்டு சிக்னல் பக்கம் டிராஃபிக் ஆகிவிடும் என்று, பாட்டு தொடங்குவதற்குள் காருக்குப் போய்விட்டார்.

சால்வையோடு நின்ற அசோகன், நகரத்து நடுவில் சந்து சந்தாக நெருங்கிக் கிடக்கிற நீலசந்திராக்காரன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் மெக்கானிக். வேலை போக மிச்ச நேரத்தில் சாவு வீடுகளில் பாடுவான். சாவு வீட்டுப் பாட்டு என்றதும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற பாட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அசோகன் பாட்டில் பாதி கேலி. செத்தவர் சீட்டாட்டத்தில் செய்த தில்லுமுல்லு, பெண்டாட்டிக்குப் பயந்து மொட்டை மாடியில் ஒளிந்தது, எல்லாம் பாட்டில் வரும். வீட்டார் முதலில் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிடும். அப்படி வரவழைப்பது லேசான காரியமில்லை என்பது அசோகனுக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் பெரிய நினைப்புதான்.

இவனை ஆல்பத்துக்கு இழுத்துவந்தவன் ரித்விக். கொள்ளுத் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். பையன் சாஃப்ட்வேரில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, இப்போது நாட்டுப்புற இசையைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறான். அவன் குடியிருக்கிற அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய அசோகன் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறான். வேலை செய்துகொண்டே பாடியிருக்கிறான். மேலே நின்று கேட்ட ரித்விக்குக்கு மெய் சிலிர்த்துவிட்டதாம். லிஃப்ட் குழிக்குள் யார் பாடினாலும் கம்பீரமாகத்தான் கேட்கும். அங்கே தும்மினால்கூடக் கம்பீரம்தான். அதை யார் அவனுக்குச் சொல்வது?

ஸ்டுடியோவுக்குப் போன முதல் நாளே ஒரு தகராறு. அசோகன் பாட்டு என்றால் பக்கத்தில் ஆம்ப்ரோஸின் கீபோர்டு இருக்கும். ஆஸ்டின் டவுன் ஆம்ப்ரோஸ் சர்ச்சில் வாசிப்பவன், அசோகனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இருபது வருஷமாக அசோகன் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறவன். ரித்விக் கீபோர்டைப் பார்த்து முகம் சுளித்தான். பிளாஸ்டிக் சத்தம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்றான். சரி, வேண்டாம். அடுத்த வாரம் அந்த இடத்தில் மேல்நாட்டுப் பெரிய வயலின் மாதிரி ஒரு செல்லோ வந்து உட்கார்ந்தது. நீலசந்திரா மண்ணில் செல்லோ எந்தக் காலத்தில் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அசோகனும் கேட்கவில்லை. ஸ்டுடியோவின் குளிரும் வெளிச்சமும் அவன் வாயை அடைத்துவிட்டன. ஆம்ப்ரோஸ் முதல் நாளே கீபோர்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினான்.

அடுத்த தகராறு ஐந்தாவது பாட்டில். அன்றைக்கு அசோகனுக்கு நல்ல ஜலதோஷம். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் எட்டாமல் சுருதி இறங்கிவிட்டது.

"சார், அது சரியா வர்லே. நாளைக்கு வந்து நல்லா பாடிக் குடுத்துர்றேன்" என்றான் அசோகன்.

"நோ நோ அசோகன் சார், அதைத் தொடவே வேண்டாம். அந்தப் பிசிறுதான் சார் சோல். எவ்ளோ ராவா இருக்கு தெரியுமா?"

"பிசிறு இல்ல சார், மூக்கடைப்பு."

ரித்விக் அதற்கும் உருகினான். ஜலதோஷம் அப்படியே ஆல்பத்தில் ஏறிவிட்டது. ஆல்பத்துக்கு அவன் வைத்த பெயர் 'வேர்களின் ஓலம்'. "நான் எங்கே சார் ஓலம் போட்டேன்? பாட்டுதானே பாடினேன்" என்று அசோகன் கேட்டதை அவன் ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

விழாவுக்குப் பிறகு பாராட்டு கொட்டியது. ஸ்வர்ணா என்று ஒரு பெண், இணையப் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவள், ஆல்பத்தின் மூன்றாவது பாட்டைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுததாக எழுதியிருந்தாள். நூற்றாண்டுகளின் காயம் அந்தக் குரலில் வழிகிறதாம். மூன்றாவது பாட்டு என்ன பாட்டு தெரியுமா? அவர்கள் சந்தில் இருந்த ஒரு டெய்லர் தீபாவளிக்கு முன்னால் செத்துப்போனபோது அசோகன் கட்டியது.

கழுத்துக்கு அளவெடுத்தே, கைக்கு அளவெடுத்தே,
காலனுக்கு எந்த அளவு குடுத்தே டெய்லரே?
தீபாவளி ரவிக்கையெல்லாம் துணியாவே கெடக்குது,
திரும்பி வந்து காஜா மட்டும் எடுத்துட்டுப் போ டெய்லரே!

சந்தே சிரித்துச் சிரித்து வயிறு வலித்த பாட்டு அது. ஸ்வர்ணாவுக்குத் தமிழ் அரைகுறை. அரைகுறையாக இருப்பதில் தப்பில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு அழுதிருக்கலாம். ரித்விக் அந்த விமர்சனத்தைத் தமிழில் விளக்கி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அசோகன் அதைக் கேட்டுவிட்டு மனைவி சரளாவிடம் கத்தினான்.

"ரவிக்கை தைக்கலேன்னு பாடினா காயம்னு எழுதறாங்கடீ! காயம் எங்கே இருக்குது அதிலே? ஊசி குத்தின காயமா?"

"அழுதாங்கல்ல, உடு" என்றாள் சரளா. "நீ பாடி யாராச்சும் அழுதா போதாதா?"

போதாது. அதுதான் அசோகனின் கஷ்டம். முன்பின் தெரியாத வீட்டில் பாடினாலும் பாட்டு பிடித்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே அவன் சொல்லிவிடுவான். இங்கே ஒரு முகத்திலும் பாட்டைக் காணோம். எல்லார் முகத்திலும் அசோகன்தான் இருந்தான், அதுவும் அவர்கள் செய்துவைத்த ஒரு அசோகன். சொந்த ஆட்களாவது பரவாயில்லையா என்றால், அதுவும் இல்லை. வட்டார இளைஞர் சங்கத்துச் செயலாளர் தினேஷ் ஆல்பத்தைத் தினமும் ஸ்டேட்டஸில் வைத்தான். அசோகன் அவனைப் பிடித்துக் கேட்டான்.

"எப்படிடா இருக்குது?"

"சும்மா பிச்சி ஒதறிட்டீங்கண்ணே!"

"பத்தாவது பாட்டு?"

"அதான்ணே டாப்பு!"

எட்டுப் பாட்டு இருக்கிற ஆல்பத்தில் பத்தாவது பாட்டு டாப்பு. அசோகன் முறைத்ததும் தினேஷ் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "அண்ணே, நம்ம ஆளு ஆல்பம். நல்லா இருக்குதா இல்லியான்னு நாமளே பேசினா அடுத்தவனுக்கு எடுத்துக் குடுத்தாப்லே ஆயிடும்" என்றான். திட்டியவர்களும் இதே லட்சணம்தான். சாவுப் பாட்டை வீட்டில் போட்டால் ஆகாது என்று, கேட்காமலே ஒதுக்கினார்கள். கேட்காமல் தூக்கிவைக்கிறவன் ஒரு பக்கம், கேட்காமல் தூக்கி எறிகிறவன் ஒரு பக்கம். நடுவில் எட்டுப் பாட்டும் அநாதையாகக் கிடந்தன.

இதற்குள் ரித்விக் இரண்டாவது ஆல்பம் பேச ஆரம்பித்துவிட்டான். அசோகன் பிடி கொடுக்கவில்லை. முதலில் செய்ததே பாட்டாகத் தேறியதா இல்லையா என்று தெரியாமல் அடுத்ததற்கு எப்படி வாயைத் திறப்பது? தேறவில்லை என்றால் நிறுத்திவிடலாம், தேறியது என்றால் நிமிர்ந்து நடக்கலாம். யாராவது ஒருத்தர் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும். ஆம்ப்ரோஸ் சொல்வான் என்று அசோகனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கீபோர்டு விஷயத்தில் முகம் கொடுக்க வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த ஆம்ப்ரோஸை வீட்டிலேயே போய்ப் பிடித்தான்.

ஆம்ப்ரோஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்டான். சில இடங்களில் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த அசோகன் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டெய்லர் பாட்டு ஃபஸ்ட் கிளாஸ்" என்றான் ஆம்ப்ரோஸ், ஹெட்போனைக் கழற்றி. "ரெண்டாவதும் நாலாவதும் நல்லா இருக்குது. அஞ்சாவதுலே மூக்கு அடைச்சுருக்குது, அது உனக்கே தெரியும். எட்டாவது நீளம். மத்ததெல்லாம் ஓகே. ஏழாவது குப்பை."

அசோகன் மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான். ஏழாவதில் தலை நின்றுவிட்டது.

"எது குப்பை?"

"ஏழாவது மச்சா. வேரு."

ஏழாவது பாட்டுதான் ஆல்பத்திலேயே உயர்ந்த பாட்டு என்று அசோகன் நம்பிக்கொண்டிருந்தான். ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து அவன் எழுதிய ஒரே பாட்டு அது. 'வேரே என் வேரே, வெட்டுப்பட்ட வேரே, மண்ணே என் மண்ணே, மௌனமான மண்ணே' என்று போகும். பாடி முடித்தபோது ரித்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், செல்லோக்காரர் எழுந்து நின்றார்.

"நீலசந்திராலே ஏதுடா மண்ணு?" என்றான் ஆம்ப்ரோஸ். "செடி வெக்கணும்னா நர்சரிலே போய் மண்ணு வாங்கிட்டு வர்றோம். வேரும் மண்ணும் உனக்கு எங்கிருந்து வந்துச்சு? சாவு வீட்டிலே நீ ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?"

"நீ சும்மனே பேசாதே. கீபோர்டு வெக்கலேன்னு உனக்கு வயித்தெரிச்சல். சொல்லிட்டுப் போயேன்!"

"வயித்தெரிச்சல் இருக்குதுதான். இல்லேன்னு யார் சொன்னது? ஆனா வயித்தெரிச்சல் இருந்தா எட்டும் குப்பைன்னு சொல்லியிருப்பேனே, ஒண்ணை மட்டும் ஏன் சொல்றேன்?"

அசோகன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். யாராவது உண்மையைச் சொல்ல மாட்டார்களா என்று தெருத்தெருவாகத் தேடிய மனுஷன், உண்மை கைக்குக் கிடைத்ததும் அதைச் சொன்னவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். ஸ்வர்ணாவையும் தினேஷையும் கேலி செய்த வாய் அது. தன் பாட்டை ஒருவன் கேட்டுவிட்டுச் சொன்னதை இவன் கேட்கத் தயாராக இல்லை.

கொஞ்ச நாளில், டெய்லர் இருந்த அதே சந்தில், முத்தம்மாவின் வீட்டுக்காரர் காலமானார். பௌத்தக் குடும்பம். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தார்கள். படத்துக்கு மாலை, மெழுகுவர்த்தி, இரண்டு பேர் பேச்சு, அப்புறம் அசோகன் பாட்டு. கீபோர்டு இல்லாமல் டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பந்தலின் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆம்ப்ரோஸ் இருந்தான். அவனைப் பார்த்ததும் அசோகனுக்கு வீம்பு வந்துவிட்டது. இவன் எதிரிலேயே ஏழாவது பாட்டைப் பாடிப் பந்தலையே அழ வைக்கிறேன் என்று, எடுத்த எடுப்பில் 'வேரே என் வேரே' என்று தொடங்கினான்.

படத்திறப்பில் கை தட்ட மாட்டார்கள். சாவு வீட்டில் பாடுகிறவனைப் போதும் என்று சொல்வதும் மரியாதையில்லை. அதற்காக அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடிக்கவில்லை என்றால் பாடுகிறவனுக்கு டீ கொடுத்துவிடுவார்கள். கையில் சூடான டீயை வைத்துக்கொண்டு எவனும் பாட முடியாது, குடிப்பதற்கு நிறுத்தத்தான் வேண்டும், குடித்து முடித்ததும் வேறு பாட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. அசோகன் இருபது வருஷமாகப் பாடுகிறான், மற்றவர்களுக்கு டீ போவதைப் பார்த்து மீசைக்குள் சிரித்திருக்கிறான். அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இரண்டாவது சரணத்தில் மௌனமான மண் வந்தபோது, படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த முத்தம்மா பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். அசோகன் பாடிக்கொண்டேதான் இருந்தான், ஆனால் கண் வாசற்படியை விட்டு நகரவில்லை. பேப்பர் கப்பில் ஆவி பறக்க டீ வந்தது.

"தொண்டை காஞ்சிருக்கும்ப்பா, குடி" என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அசோகன் டீயைக் குடித்தான். நாக்கு வெந்தது. அவமானம் என்றால் அப்படியொரு அவமானம், பந்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. கப்பைக் கீழே வைத்ததும் முத்தம்மாவே கூப்பிட்டாள்.

"தம்பி, டெய்லர் பாட்டு பாடேன். எங்கூட்டுக்காரரு அந்தப் பாட்டுன்னா உசுரை உடுவாரு. டெய்லருக்குப் பதிலா அவரு பேரைப் போட்டுப் பாடு."

பாடினான். வாட்ச்மேன் வேலை பார்த்த மனுஷர் அவர். பாட்டில் காஜா என்று வருகிற இடத்தில் விசில் என்று மாற்றிப் போட்டான். 'ஊரான் வீட்டுக் கேட்டெல்லாம் பூட்டிப் பூட்டிப் பார்த்தியே, உன் வீட்டுக் கதவை மட்டும் திறந்து போட்டுப் போனியே' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கை அப்படியே கண்ணுக்குப் போயிற்று. கடைசி நாற்காலியில் ஆம்ப்ரோஸ் அவனைப் பார்க்கவில்லை, ஆனால் தொடையில் விரல் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அசோகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முத்தம்மா விமர்சனம் படித்தவள் இல்லை, ரித்விக் யாரென்று தெரியாது, ஆல்பம் என்று ஒன்று வந்ததே தெரியாது. ஆம்ப்ரோஸுக்கு இருக்கிற வயிற்றெரிச்சலும் அவளுக்கு இல்லை. அவள் கேட்டது பாட்டை. பாட்டு நன்றாக இல்லை. ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை எழுதும்போது தன் எதிரே எந்தப் பிணமும் இல்லை, ரித்விக் மட்டும்தான் இருந்தான் என்பது இப்போது ஞாபகம் வந்தது. வேர், மண், வலி என்று அவன் வாயில் தினமும் கேட்ட வார்த்தைகளையே எடுத்து அவன் அளவுக்குத் தைத்துக் கொடுத்திருந்தான். பிடிக்கும் என்று தெரிந்தே தைத்தான், பிடித்தும் விட்டது. பொய்ப் பாராட்டு என்று ஊரெல்லாம் ஏசினானே, அதற்குத் துணி கொடுத்தவன் இவன்தான். இதை நினைத்தபோது டீ கொடுத்ததைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் மதியம் ரித்விக் போன் செய்தான். குரலில் ஒரே உற்சாகம்.

"அசோகன் சார், கங்கிராட்ஸ்! உங்க ஏழாவது ட்ராக்தான் எல்லாத்தையும்விட அதிகமா போறது. செகண்ட் ஆல்பம் ஃபுல்லா அந்த ஃபீல்லயே பண்ணிடலாம். எட்டும் அதே மாதிரி."

"அது நல்லால்லே சார்."

"எது?"

"ஏழாவது. அது பொய்ப் பாட்டு. அதை எடுத்துருங்க."

"உங்க ஹ்யூமிலிட்டி இருக்கே சார்! இதுக்காகத்தான் நான்..."

"ஹ்யூமிலிட்டி இல்ல சார். எனக்குத் திமிரு ஜாஸ்தி, எங்க ஏரியாலே யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. நான் ஒண்ணு கேக்கறேன். எட்டுப் பாட்டுலே உங்களுக்குப் பிடிக்காத பாட்டு எது? ஒண்ணு சொல்லுங்க. எது வேணா சொல்லுங்க, தப்பாவே சொல்லுங்க. சொன்னீங்கன்னா செகண்ட் ஆல்பம் பாடறேன்."

ரித்விக் கெட்ட பையன் இல்லை. நிஜமாகவே பயந்துவிட்டான்.

"அதெப்படி சார்... நான் எப்படிச் சொல்ல முடியும்? உங்க பாட்டை நல்லா இல்லேன்னு சொல்ல எனக்கு என்ன சார் ரைட் இருக்கு?"

"அப்ப நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு மட்டும் ரைட் எங்கிருந்து வந்துச்சு?"

அசோகன் காத்திருந்தான். ஒரு பாட்டின் பெயர் வந்துவிடாதா என்று உண்மையாகவே ஆசைப்பட்டான்.

"சார்," என்றான் ரித்விக். "வாட் எ லைன்! எவ்ளோ கோபம், எவ்ளோ வலி! இதையே ஃபஸ்ட் பாட்டோட முதல் வரியா வெச்சுக்கலாமா?"

அசோகன் போனை வைத்துவிட்டான். அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுனுக்குப் போனான். கதவைத் திறந்த ஆம்ப்ரோஸிடம் வணக்கமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"கீபோர்டை எடு."

"எதுக்கு?"

"ஏழாவது பாட்டு."

"அதைத்தான் முத்தம்மா அடக்கம் பண்ணிட்டாங்களே" என்றான் ஆம்ப்ரோஸ். சொல்லிக்கொண்டே உறையின் ஜிப்பைத் திறந்தான்.

வேரைப் பிடுங்கினார்கள். மண்ணை அள்ளிப் போட்டார்கள். மௌனம், ஓலம், வலி எல்லாம் போயின. மிஞ்சியது 'கூப்பிட்டா வர்றேன்னு சொன்னியே, கூப்பிடறேன், வா' என்று நடுவில் எங்கேயோ கிடந்த ஒரே ஒரு வரி. இது மட்டும்தான் உன்னுடையது, மீதியெல்லாம் இரவல் என்றான் ஆம்ப்ரோஸ். அசோகனுக்குக் கோபம் வந்தது, ஆனால் எழுந்து போகவில்லை. அந்த ஒரு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு பாடினான்.

"'வா'ன்னு சொல்ற இடத்திலே சுருதி இறங்குது" என்றான் ஆம்ப்ரோஸ்.

"எங்கேடா இறங்குது? காது கேக்குதா உனக்கு?"

ஆம்ப்ரோஸ் கட்டையை அழுத்திக் காட்டினான். இறங்கத்தான் செய்தது. அசோகன் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பாடினான்.